கேட்காமலே எழும் குறிப்பு

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் பலூன் நினைவிருக்கும். கடவுச்சொல் கட்டத்தில் கர்சரை வைக்கும்போது கேப்ஸ் லாக் விசை தெரியாமல் அழுந்திக் கிடந்தால், கட்டத்தின் கீழே அந்தப் பலூன் எழும்பும். கேப்ஸ் லாக் போட்டிருக்கிறது, கடவுச்சொல் தப்பாகப் போகலாம், அணைத்துவிட்டுத் தட்டுங்கள் என்று சொல்லும். மூன்று முறை தப்பாகத் தட்டி, கணக்கே பூட்டிக்கொண்டு, கணினிப் பிரிவுக்கு போன் போடும் அவதியிலிருந்து எத்தனையோ அலுவலர்களை அது காப்பாற்றியிருக்கும்.

கருவிப்பட்டையில் ஒரு பொத்தான்மேல் மவுஸை நிறுத்தினால் 'சேமி', 'அச்சிடு' என்று ஒரு சிறு பெட்டி வருகிறதே, அதுவும் இந்தப் பலூனும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் டூல்டிப் என்றே பெயர். ஆனால் பிறப்பு வேறு. பொத்தான் குறிப்பை நாம் வரவழைக்கிறோம்: மவுஸை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதே ஒரு கேள்வி. கேப்ஸ் லாக் பலூனை யாரும் கேட்கவில்லை. மவுஸ் திரையின் எந்த மூலையிலோ கிடக்கும். நிரல் தானாக ஒரு முடிவெடுத்து அதைக் காட்டுகிறது.

இப்படி நிரலே வலியக் காட்டும் குறிப்புகள் நாம் நினைப்பதைவிட அதிகம். வேர்டில் உருள்பட்டையைப் பிடித்து இழுக்கும்போது பக்கத்தில் தோன்றும் பக்க எண், எக்செலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்ததும் 'இங்கே தேதியை இடுக' என்று வரும் உள்ளீட்டுச் செய்தி, ஒலியளவு போன்ற நழுவுபட்டையை நகர்த்தும்போது கூடவே நகரும் எண், எண் மட்டுமே ஏற்கும் பெட்டியில் எழுத்தைத் தட்டினால் வரும் கண்டிப்பு எல்லாம் இந்த வகைதான். நிரல் எழுதுபவருக்கு இது ஒரு வரி வேலை என்று தோன்றும். காட்டுவது ஒரு வரிதான். எப்போது, எங்கே, எதுவரை என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த வரியில் பதில் இருக்காது. மவுஸை நிறுத்திக் கேட்கும்போது இயங்குதளம் இந்த மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. நாமே காட்டத் தொடங்கினால் மூன்றும் நம் தலையில் விழுகின்றன.

மவுஸ் வழியாக வரும் சாதாரணக் குறிப்பு எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். அதன் வரலாற்றில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

1991 மே மாதம் ஆப்பிள் வெளியிட்ட சிஸ்டம் 7 இயங்குதளத்தில் 'பலூன் ஹெல்ப்' என்ற வசதி வந்தது. கார்ட்டூன்களில் பாத்திரங்கள் பேசும் பலூனைப் போலவே வரைந்திருந்தார்கள். மெனுவில் 'ஷோ பலூன்ஸ்' என்பதைத் தேர்ந்துவிட்டால், அதன்பின் சுட்டி எதன்மேல் ஏறினாலும் உடனே ஒரு பலூன். தாமதம் இருந்ததாகவே தெரியாது. மெனுவைக் கடந்து போகிற வழியெல்லாம் பலூன்கள் வெடித்தபடி இருக்கும். ஐந்து நிமிடம் வேடிக்கையாக இருந்துவிட்டு, பெரும்பாலானவர்கள் அணைத்துவிட்டார்கள். பிறகு மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது ஆப்பிளும் பலூன்களைக் கைவிட்டு, சற்றுத் தாமதித்து வரும் எளிய குறிப்புகளுக்கு மாறியது.

கேலிக்கு ஆளான அந்தப் பலூன்களில் இரண்டு நுட்பங்கள் இருந்தன. மங்கிக் கிடக்கும் மெனு வரிக்குத் தனி வாசகம் எழுத முடியும்: இந்தக் கட்டளை என்ன செய்யும் என்பதோடு, இப்போது ஏன் கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம். அடுத்தது நம் விஷயத்துக்கு நேரே தொடர்புடையது. நிரலிலிருந்தே பலூனைக் காட்ட 'எச்எம் ஷோ பலூன்' என்று ஒரு அழைப்பு இருந்தது. அகற்றுவதற்கு 'எச்எம் ரிமூவ் பலூன்' என்று அதன் ஜோடியும் இருந்தது. ஆனால் பயனர் பலூன்களை அணைத்து வைத்திருந்தால், நிரல் எத்தனை முறை கேட்டாலும் இயங்குதளம் காட்டாது. 'உதவி அணைக்கப்பட்டுள்ளது' என்ற பிழைக்குறியைத் திருப்பி அனுப்பிவிடும். முடிவு கடைசியில் பயனருடையது என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிவைத்த ஏற்பாடு அதற்குப்பின் வந்தவற்றில் அரிது.

மைக்ரோசாஃப்ட் வேறு வழியில் போனது. 1993-இல் வந்த வேர்டு 6, எக்செல் 5 இரண்டிலும் கருவிப்பட்டைப் பொத்தான்களுக்குச் சிறு மஞ்சள் குறிப்புகள் வந்தன. இயக்கவும் அணைக்கவும் தனிக் கட்டளை எதுவும் தேவைப்படவில்லை. மவுஸ் கொஞ்ச நேரம் நின்றால் வரும், நகர்ந்தால் போகும். விண்டோஸ் 95-இல் இதுவே எல்லா நிரல்களும் பயன்படுத்தக்கூடிய பொதுக் கருவியாயிற்று.

அந்தக் 'கொஞ்ச நேரம்' எவ்வளவு? பந்தி விசாரிப்பவர் நல்ல உதாரணம். இலையில் சோறு குறைந்து, சாப்பிடுபவர் தலை நிமிரும் கணத்தில் எதிரே நிற்பவர் நல்ல விசாரிப்பாளர். வரிசையில் நடக்கிறபோதே ஒவ்வோர் இலைக்கும் குனிந்து 'என்ன வேண்டும், என்ன வேண்டும்' என்பவர் தொந்தரவு. பலூன் ஹெல்ப் இரண்டாவது ரகம்.

விண்டோஸ் இந்தப் பொறுமையை ஒரு வேடிக்கையான அளவுகோலில் கட்டியிருக்கிறது: இரட்டைக் கிளிக்கின் வேகம். இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தால் அதை ஒரே இரட்டைக் கிளிக்காகக் கொள்வது என்று கணினியில் ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக அது 500 மில்லிவிநாடி. டூல்டிப் தோன்றுவதற்கு முன் காத்திருக்கும் நேரமும் அதுவே. தோன்றிய குறிப்பு நிற்கும் நேரம் அதன் 10 மடங்கு, அதாவது 5 விநாடி. ஒரு பொத்தானிலிருந்து பக்கத்துப் பொத்தானுக்குப் போனால் அடுத்த குறிப்பு வர ஆகும் நேரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 100 மில்லிவிநாடி. கை மெதுவாக இயங்கும் ஒருவர் இரட்டைக் கிளிக்கின் இடைவெளியைக் கூட்டி வைத்தால், குறிப்பு வாசிக்கவும் அவருக்குக் கூடுதல் நேரம் தானாகக் கிடைக்கும். யாரோ ஒருவர் யோசித்துச் செய்த வேலை.

அந்த மூன்றாவது எண்தான் உண்மையில் புத்திசாலித்தனம். முதல் பொத்தானில் அரை விநாடி நின்று குறிப்பைப் படித்தவர், அடுத்த பொத்தானுக்குப் போகிறார் என்றால் அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தேடுகிறவரை ஒவ்வொரு பொத்தானிலும் அரை விநாடி நிறுத்திவைப்பது அநியாயம். திரைப் பொத்தான்களையும் பெட்டிகளையும் அமைக்க நிரலர்கள் பயன்படுத்தும் கருவித்தொகுப்புகள் பலவற்றிலும் இந்த எண்ணம் உண்டு, எண்கள்தான் வேறு. ஜாவாவின் ஸ்விங் 750 மில்லிவிநாடி காத்திருந்து காட்டுகிறது, 4 விநாடியில் எடுத்துவிடுகிறது. எடுத்தபின் அரை விநாடிக்குள் வேறிடம் போனால் காத்திருக்காமல் காட்டுகிறது. ஜிடிகே 500 மில்லிவிநாடியில் தொடங்கி, தேடும் நிலையில் அதை 60 ஆகக் குறைத்துக்கொள்கிறது. க்யூட்டியின் மூலநிரலில் இந்த நேரங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களே அழகு: குறிப்பு 'விழித்துக்கொள்ள' 700 மில்லிவிநாடி, மறுபடி 'தூங்கிப்போக' 2 விநாடி. விழித்திருக்கிற வரை அடுத்த குறிப்பு உடனே வரும்.

இனி நிரலிலிருந்து காட்டும் கதை.

விண்டோஸில் இதற்கு முறையான வழி உண்டு. குறிப்பைப் பதிவு செய்யும்போதே 'இதை நான் நடத்திக்கொள்கிறேன்' என்று ஒரு கொடியை ஏற்றிவிட வேண்டும். டிராக்கிங் டூல்டிப் என்று அதற்குப் பெயர். பிறகு ஒரு செய்தியில் இடத்தைச் சொல்லி, இன்னொன்றில் 'காட்டு' என்றால் காட்டும். அதே செய்தியில் 'இல்லை' என்று அனுப்பினால் மறையும். நாம் அனுப்பும் வரை அது போகாது. மேலே சொன்ன அரை விநாடி, 5 விநாடிக் கணக்கு எதுவும் இங்கே செல்லாது.

பதிவு செய்யும் கட்டத்திலேயே பலர் தடுக்கி விழுந்த ஒரு கல் இருக்கிறது. பதிவுக்காக நிரல் ஒரு படிவத்தை நிரப்பித் தருகிறது. அதன் முதல் கட்டத்தில் படிவத்தின் மொத்த அளவை எழுத வேண்டும். எக்ஸ்பி வந்தபோது அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் கூடியது. 32 பிட் நிரலில் 44 பைட்டாக இருந்தது 48 ஆயிற்று. புதிய படிவத்தை ஏற்கும் புதிய நூலகம் வேண்டும் என்று நிரல் தனியாக ஒரு விண்ணப்பக் கோப்பில் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் பழைய நூலகமே வந்து நிற்கும். அது 48 என்ற எண்ணைப் பார்க்கும், தனக்குத் தெரியாத படிவம் என்று ஒதுக்கிவிடும். பிழைச்செய்தி இல்லை, நிரல் முடங்கவில்லை, குறிப்பு மட்டும் வரவில்லை. பதிவின் விடையைச் சரிபார்க்காத நிரலர் நாள் முழுக்க நிறத்தையும் இடத்தையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் இந்தச் சிரமங்களை மூடிவைத்துவிட்டு, வாசகம், இடம், எத்தனை மில்லிவிநாடி என்று மூன்றையும் வாங்கும் ஒரு 'ஷோ' கட்டளையைத் தருகிறது. க்யூட்டியின் 'ஷோ டெக்ஸ்ட்' கட்டளையும் அதேபோல். அதில் ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஏற்கெனவே தெரியும் வாசகத்தையே மறுபடி காட்டச் சொன்னால் குறிப்பு இடம் மாறாது. மாற்ற வேண்டுமானால் வெற்று வாசகத்தைக் கொடுத்து ஒருமுறை மறைத்துவிட்டு மறுபடி காட்ட வேண்டும். ஜிடிகே இன்னும் கறார். உன் விட்ஜெட்டுக்கு என்ன வாசகம் என்று நான் கேட்கும்போது சொல், எப்போது காட்டுவது என்பது என் பாடு என்கிறது. நிரல் செய்ய முடிந்ததெல்லாம் 'மறுபடி ஒருமுறை கேள்' என்று தூண்டுவதுதான்.

ஸ்விங்கில்தான் வேடிக்கை. அங்கே 'இப்போதே காட்டு' என்று நேரடியாக ஒரு கட்டளை இல்லை. மொத்த நிரலுக்கும் ஒரே ஒரு டூல்டிப் மேலாளர். மவுஸ் நகர்ந்த செய்தி வந்தால்தான் அவர் அசைவார். நிரலர்கள் கண்டுபிடித்த உபாயம், மவுஸ் நகர்ந்ததாக ஒரு பொய்ச்செய்தியைத் தயாரித்து மேலாளர் கையில் கொடுப்பது. மவுஸ் அசையவே இல்லை. ஆனால் இந்த இடத்துக்கு வந்துவிட்டது என்று சொன்னதும் அவர் நம்பிக் குறிப்பைக் காட்டுகிறார். 750 மில்லிவிநாடி காத்திருக்காமல் இருக்க, அதற்குமுன் தாமதத்தைச் சுழியாக்கி வைப்பார்கள். அதைத் திரும்ப வைக்க மறந்தால் அந்த நிரலின் எல்லாக் குறிப்புகளும் பலூன் ஹெல்ப்பைப் போலத் துள்ளத் தொடங்கிவிடும். வேலை நடக்கிறது என்பதற்காக இந்த உபாயத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குறிப்புக் கூறை மட்டும் உருவாக்கி, பாப்அப் தொழிற்சாலையிடம் கொடுத்து, காட்டவும் மறைக்கவும் நாமே பொறுப்பேற்பது நாலு வரி கூடுதல். ஆனால் யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை.

இதன் உள்ளுறுப்புகளை அப்படியே பார்க்க விரும்புபவர்களுக்கு பைத்தானின் டிகின்டர் நல்ல பட்டறை, ஏனென்றால் அதில் டூல்டிப்பே கிடையாது. சட்டகமும் தலைப்புப்பட்டையும் இல்லாத ஒரு சின்ன விண்டோவைத் திறந்து, உள்ளே ஒரு லேபிளை ஒட்டி, மவுஸ் இருக்கும் இடத்தில் வைத்தால் டூல்டிப். மவுஸ் பொத்தானுக்குள் நுழைந்த செய்தி வந்தால் காட்டு, வெளியேறிய செய்தி வந்தால் அழி. எழுதி ஓட்டிப் பார்த்தால் பெட்டி பேய் பிடித்ததுபோலத் துடிக்கும்.

நடப்பது இதுதான். குறிப்பு விண்டோ மவுஸ் முனைக்கு நேர் கீழே திறக்கிறது. இப்போது மவுஸுக்கு அடியில் இருப்பது பொத்தான் இல்லை, குறிப்பு. ஆகவே மவுஸ் பொத்தானை விட்டு வெளியேறிவிட்டது என்று செய்தி வருகிறது. நிரல் குறிப்பை அழிக்கிறது. அழிந்ததும் அடியில் மறுபடி பொத்தான், நுழைந்த செய்தி, குறிப்பு திறக்கிறது. யாரும் மவுஸை அசைக்காமலே இந்தச் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். மருந்து எளிது: குறிப்பைச் சுட்டியிலிருந்து சில பிக்சல் தள்ளி வைப்பது. அல்லது, மவுஸ் செய்திகள் குறிப்பை ஊடுருவி அடியில் இருப்பதற்குப் போகும்படி செய்வது. விண்டோஸில் இதற்கென்றே ஒரு கொடி உண்டு. தள்ளி வைத்தாலும் திரையின் கீழ் விளிம்பில் இடமில்லாமல் இயங்குதளமோ நிரலோ குறிப்பை மேலே தூக்கும்போது அது மறுபடி சுட்டியின்மேல் வந்து விழக்கூடும். அதனால் மூலைகளில் சோதித்துப் பார்க்காத டூல்டிப் நிரலை நம்பக் கூடாது.

காத்திருப்புக்கு டைமர் வைக்கும்போது இன்னொரு பள்ளம். மவுஸ் நுழைந்ததும் 'அரை விநாடி கழித்துக் காட்டு' என்று டைமரை முடுக்குகிறோம். கால் விநாடியில் மவுஸ் வெளியேறிவிட்டது. டைமரை ரத்து செய்ய மறந்தால், ஆள் போனபின் குறிப்பு வந்து நிற்கும். வெளியேறும் செய்தி ஏற்கெனவே வந்து போய்விட்டதால் அதை அழிக்க இனி ஒருவரும் வரப்போவதில்லை.

எங்கே காட்டுவது என்ற கேள்வி பார்க்கச் சிறியது. பொத்தானின் இடம் அதன் விண்டோவின் இடது மேல் மூலையிலிருந்து அளக்கப்படுகிறது. குறிப்போ தனி விண்டோ என்பதால் அதற்குத் திரையின் ஆயத்தொலைவு வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற எல்லாக் கருவித்தொகுப்பிலும் ஒரு சார்பு உண்டு. மாற்ற மறந்தால் குறிப்பு திரையின் இடது மேல் மூலைப் பக்கம் போய் அநாதையாக நிற்கும். ஒரு திரைக்கு இது போதும். முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இரண்டாவது திரையை வைத்தவருக்கு அங்கே எல்லாக் கிடைத்தொலைவும் எதிர்ம எண். விண்டோஸில் டிராக்கிங் டூல்டிப்பின் இடத்தைச் சொல்லும்போது கிடைத்தொலைவு, செங்குத்துத் தொலைவு இரண்டையும் 16 பிட் துண்டுகளாக ஒரே எண்ணில் மடித்து அனுப்ப வேண்டும். மவுஸ் செய்திகளிலும் இடம் இப்படித்தான் மடித்து வருகிறது. பிரித்தெடுக்கும் நிரலர் எதிர்மக் குறியை மறந்து படித்தால் கழித்தல் 200 என்பது 65336 ஆகிவிடும். குறிப்பு அறுபத்தைந்தாயிரம் பிக்சலுக்கு அப்பால், எந்தத் திரையிலும் இல்லாத ஊரில், ஒழுங்காகத் தோன்றி ஒழுங்காக மறையும்.

லினக்ஸில் வேலண்டு என்ற புதிய திரை நெறிமுறை வந்தபின் இந்தக் கணக்கே மாறிவிட்டது. தன் விண்டோ திரையில் எங்கே இருக்கிறது என்பதை நிரலுக்குச் சொல்வதே இல்லை என்பது வேலண்டின் கொள்கை. 'திரையில் இந்தப் புள்ளியில் காட்டு' என்று கேட்க வழியில்லை. 'என் விண்டோவின் இந்தப் பொத்தானுக்குக் கீழே காட்டு, இடமில்லாவிட்டால் மேலே திருப்பு' என்றுதான் கேட்க முடியும். பழைய நிரல்களுக்கு இது தலைவலி. எனக்கு இது சரியான திசை என்றே படுகிறது. குறிப்பு ஒரு பொருளைப் பற்றியது. அதன் இடமும் அந்தப் பொருளை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.

எதுவரை என்பதுதான் மூன்றில் கடினம், அதிகம் பிழைபடுவதும் அதுவே. டூல்டிப் மற்ற எல்லா விண்டோக்களுக்கும் மேலே நிற்கும்படி அமைந்தது. கீழே போய்விட்டால் பயனில்லை. எக்ஸ்பி காலத்தில் டாஸ்க்பாரின் குறிப்புகள் சில சமயம் டாஸ்க்பாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, மேல்விளிம்பு மட்டும் எட்டிப் பார்த்ததைப் பலர் கண்டிருப்பார்கள். மேலே நிற்பதாலேயே மறைக்கத் தவறினால் தொல்லை பெரிது: பயனர் வேறு நிரலுக்குப் போய்விட்டார், அவருடைய மின்னஞ்சலின்மேல் உங்கள் 'எண் மட்டும் இடவும்' அப்படியே நிற்கிறது. அதனால் மறைக்கும் காரணங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். பயனர் பிழையைத் திருத்தினார், வேறு கட்டத்துக்குப் போனார், எஸ்கேப் தட்டினார், உருட்டினார், விண்டோவை நகர்த்தினார், சுருக்கினார், மூடினார், வேறு நிரலுக்குத் தாவினார். ஒவ்வொன்றுக்கும் மறைக்கும் வரி வேண்டும். இவ்வளவுக்கும் சோம்பி ஒரு டைமரை வைத்து '5 விநாடியில் எடுத்துவிடு' என்று விட்டுவிடுவதே வழக்கம். ஐந்து விநாடியில் மூன்று வரி வாசிக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது மறந்துபோகும்.

க்யூட்டி இதில் கொஞ்சம் கரிசனம் காட்டுகிறது. நேரத்தை நாம் சொல்லாவிட்டால் அதுவே 10 விநாடி கொடுக்கும். வாசகம் 100 குறியீடுகளைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லிவிநாடி கூட்டும். 150 குறியீடு இருந்தால் 12 விநாடி. விண்டோஸில் சாதாரணக் குறிப்பின் நேரத்தை நீட்டலாம், ஆனால் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட் என்பதால் 32767 மில்லிவிநாடிக்குமேல் போகாது. அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதைவிட நேரம் தேவைப்படும் வாசகம் டூல்டிப்பில் இருக்க வேண்டியதே இல்லை என்பது என் எண்ணம்.

குறியீடு என்று சொன்னதால் தமிழுக்கு இதில் இருக்கும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கணினி எண்ணுவது நம் எழுத்தை அல்ல. 'கோ' நமக்கு ஓர் எழுத்து, யூனிகோடில் இரண்டு குறியீடு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. 'இந்தக் கோப்பைச் சேமிக்கவும்' என்பது இடைவெளிகளோடு 16 எழுத்து, கணினிக்கு 27. விண்டோஸில் குறிப்பின் வாசகத்தைக் கடைசி நேரத்தில் கேட்டு வாங்கும் முறையில், எளிய வழிக்கு 80 குறியீடு கொள்ளும் ஒரு பெட்டியைத் தருகிறார்கள். கடைசி இடம் முடிவுக்குறிக்குப் போக 79. ஆங்கிலத்துக்குத் தாராளமாகப் போதும். தமிழில் ஐம்பது எழுத்து தேறுவதே கடினம். வெட்டு விழும் இடம் மெய்க்கும் புள்ளிக்கும் நடுவே அமைந்தால் 'சேமிக்கவும்' என்பது 'சேமிக்கவும' என்று நிற்கும். மொழிபெயர்ப்பாளர்மேல் பழி போகும். அவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். நீளமான வாசகத்துக்கு அந்தப் பெட்டியை விட்டு, வாசகம் இருக்கும் இடத்தைச் சுட்டும் இன்னொரு கட்டத்தைப் பயன்படுத்த வேண்டும். அகல வரம்பையும் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் வரியை மடிக்காமல் ஒரே நீளத்தில் ஓட்டும். க்யூட்டியின் கணக்கில் மட்டும் நமக்கு லாபம்: அதே செய்தி தமிழில் அதிகக் குறியீடு ஆவதால் நிற்கும் நேரம் கூடும்.

நிரலிலிருந்து காட்டியே தீர வேண்டிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும்: செயலிழந்து மங்கிய பொத்தான். ஒரு பொத்தான் ஏன் அழுந்தவில்லை என்று தெரியாமல் திகைக்கும்போதுதான் குறிப்பு மிகவும் தேவை. ஆனால் விண்டோஸ் ஃபார்ம்ஸில் செயலிழந்த பொத்தானுக்கு மவுஸ் செய்திகளே போவதில்லை. செய்தி இல்லாமல் குறிப்பு இல்லை. டாட்நெட்டின் இன்னொரு கருவித்தொகுப்பான டபிள்யூபிஎஃப்-இல் இதற்கென ஒரு பண்பு இருக்கிறது, இயல்பில் அணைந்திருக்கும்; போட்டுவிட்டால் போதும். ஃபார்ம்ஸில் தாய் விண்டோவின் மவுஸ் நகர்வைக் கவனித்து, சுட்டி அந்தப் பொத்தானின் எல்லைக்குள் வந்தால் நாமே காட்டி, வெளியேறினால் நாமே எடுக்க வேண்டும். ஆப்பிள் 1991-லேயே மங்கிய வரிக்குத் தனி வாசகம் கொடுத்ததை நினைத்தால், முன்னேற்றம் எப்போதும் முன்னோக்கியே போவதில்லை என்று தெரிகிறது.

காட்டும்போது தவிர்க்க வேண்டிய பெரும்பிழை ஃபோகஸைப் பறிப்பது. பயனர் தட்டிக்கொண்டிருக்கும்போது புதிதாகத் திறந்த குறிப்பு விண்டோ தட்டச்சைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டால், அவர் தட்டிய பாதிச் சொல் எங்கோ போய்விடும். 'காட்டு, ஆனால் செயற்படுத்தாதே' என்ற தனிக் கட்டளை இருப்பது இதற்காகத்தான்.

மவுஸே இல்லாதவர்கள் கணக்கும் உண்டு. விசைப்பலகையில் மட்டும் வேலை செய்பவர், திரையைக் குரலாகக் கேட்பவர், எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கிப் படிப்பவர். ஸ்விங் இவர்களை ஓரளவு நினைத்திருந்தது: கண்ட்ரோலோடு எஃப்1 தட்டினால் ஃபோகஸ் இருக்கும் பொருளின் குறிப்பு வரும், எஸ்கேப் தட்டினால் போகும். 2018 ஜூனில் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற அணுகுமை நெறிமுறை, மவுஸோ ஃபோகஸோ தொட்டதும் தோன்றும் எதற்கும் மூன்று நிபந்தனை விதித்தது: மவுஸை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும், குறிப்பின்மேலேயே மவுஸைக் கொண்டுபோனாலும் அது ஓடக் கூடாது, பயனர் விடும்வரை, அல்லது செய்தி செல்லாததாகும்வரை நிற்க வேண்டும். இணையப் பக்கங்களுக்காக எழுதியது என்றாலும் மேசைக்கணினி நிரலுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டாவது நிபந்தனையின் அருமை, திரையை நான்கு மடங்கு பெரிதாக்கி வைத்திருப்பவருக்குத் தெரியும்: குறிப்பின் பாதி திரைக்கு வெளியே இருக்கும், அதைப் பார்க்க மவுஸை அந்தப் பக்கம் தள்ளியாக வேண்டும், தள்ளினால் குறிப்பு மறைந்துவிடும். துடிப்பைத் தவிர்க்கக் குறிப்பை மவுஸ் ஊடுருவும்படி செய்தோமே, அந்த மருந்து இந்த நிபந்தனைக்கு எதிரானது. இரண்டையும் சேர்த்து நிறைவேற்ற, பொத்தானை விட்ட மவுஸ் குறிப்புக்குள் நுழைய ஒரு சிறு அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறைக்க வேண்டும்.

பிழைச்செய்தியை டூல்டிப்பில் மட்டும் காட்டும் நிரல்களை நான் எப்போதும் குறையாகவே மதிப்பிடுவேன். மறைந்தபின் பயனர் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை; கட்டத்தின் அருகில் சிவப்பில் நிற்கும் ஒரு வரி அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். நழுவுபட்டையின் எண், உருள்பட்டையின் பக்கம், கேப்ஸ் லாக் போல் அந்தக் கணத்துக்கு மட்டும் உரிய செய்திகளுக்கே நிரல் காட்டும் குறிப்பு பொருத்தம்.

நிரல் எழுதுபவர்கள் அடுத்த முறை 'ஷோ' என்ற வரியை எழுதியதும் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். குறிப்பு தெரியும்போதே ஆல்ட்டும் டேபும் அழுத்தி வேறு நிரலுக்குப் போங்கள். அது அங்கேயும் உங்கள் பின்னால் வந்து நின்றால் 'ஹைடு' வரியை நீங்கள் இன்னும் எழுதவில்லை.